அம்மாவுக்கு ப்ரோபிஎன்பி 2,300: ஆபரேஷன் தாங்குமா?

19 ஜனவரி 2025, கேள்வி

ரீயூனியன் தீவின் சேன்-பியேரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டது. மருந்து சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. கட்டி கரையாமல் தமனியிலேயே ஒட்டிக்கொண்டு நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது என்கிறார்கள். பாரீஸுக்கு அனுப்பி அதை உரித்தெடுக்க வேண்டுமாம். போன வாரம் இதயத்தின் சிரமத்தைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தச் சோதனையில் 2,300 வந்தது. இணையத்தில் ஒரு அட்டவணை பார்த்தேன். 1,100 தாண்டினாலே உயர் ஆபத்து, ஒரு வருடத்தில் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்று இருக்கிறது. அப்படியானால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆபரேஷன் எதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

19 ஜனவரி, இரவு

தம்பி, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மனைவிக்கு 2023 மார்ச்சில் இதே ஆபரேஷன் நடந்தது. நான் சேன்-தாந்த்ரேயில் இருக்கிறேன், சொந்த ஊர் காரைக்கால். அவளுக்கு 2022 ஆகஸ்டில் 410 இருந்தது, 2023 ஜனவரியில் 1,940. ஐந்து மாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அந்தத் தாளைப் பார்த்த அன்று நானும் உங்கள் தங்கை மாதிரிதான் இருந்தேன். இப்போது அவள் பக்கத்து அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள், சத்தம் கேட்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

20 ஜனவரி

அந்த எண் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அதனால் பாதி பயம்.

கட்டி வடுவாக மாறித் தமனியை அடைத்தால், மிச்சமிருக்கும் குறுகிய வழியில் வலது கீழறை ரத்தத்தைத் தள்ள வேண்டும். அறைச் சுவர் இழுபடுகிறது. இழுபட்ட தசை 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது இரண்டாக உடையும். 32 உள்ள துண்டு பிஎன்பி, 76 உள்ள துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. முதல் துண்டுதான் ஹார்மோன். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி இதயத்தின் சுமையைக் குறைக்கப் பார்க்கும். இரண்டாவது துண்டு ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அளக்க வசதி.

ஆக 2,300 என்பது அம்மாவின் வலது இதயம் இன்று எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதற்கான கணக்கு. அந்தக் கஷ்டத்துக்குக் காரணமே உரித்தெடுக்கப்போகிற வடுதான். காரணம் உள்ளே இருக்கும்போது எண் உயர்ந்திருப்பதைக் காட்டி, காரணத்தை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்வது எப்படிச் சரியாகும்?

பெயரில் 'பி' என்பது மூளையைக் குறிக்கும் எழுத்து. 1988-இல் ஜப்பானியர்கள் இதை முதலில் பன்றியின் மூளையிலிருந்து எடுத்தார்கள். அதிகம் சுரப்பது இதயம் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். இங்கே லபோவில், அதாவது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், 'பே-என்-பே' என்று கேட்டால் உடனே புரியும்.

20 ஜனவரி, மாலை

நீங்கள் பார்த்த அட்டவணையைத் தேடி எடுத்தேன். ஐரோப்பிய இதய, நுரையீரல் சங்கங்கள் 2022-இல் வெளியிட்டது. 300-க்குக் கீழே குறைந்த ஆபத்து, 300 முதல் 1,100 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர் ஆபத்து. எண்களை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

ஆனால் அது யாருக்கான அட்டவணை? கட்டி இல்லாமல் தமனிச் சுவரே தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும்போது ஒரு வருடம் எப்படிப் போகும் என்று கணிக்க உருவாக்கியது. அதிலும் ரத்த எண் ஒரு வரிதான். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், மயக்கம் வருகிறதா, கால் வீங்குகிறதா, இதயத்துக்குள் குழாய் விட்டு அளக்கும் கதீட்டரில் என்ன அழுத்தம் என்று மற்ற வரிகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆபரேஷன் மேஜையில் என்ன ஆகும் என்று அது சொல்லவே இல்லை.

ஆபரேஷனுக்கான கணக்கு வேறு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 2007 முதல் 2009 வரை சேர்த்த நோயாளிப் பதிவேட்டில், ஆபரேஷன் ஆனவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 4.7 சதவீதம். இதில் மிக அதிக அனுபவம் உள்ள சான் டியாகோ குழு 2012-இல் வெளியிட்ட கணக்கில், கடைசி 500 பேரில் 2.2 சதவீதம். சின்ன எண் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டு மனுஷி அந்த மேஜையில் படுக்கும்போது எதுவும் சின்ன எண் இல்லை. ஆனால் 20 சதவீதம் இல்லை.

24 ஜனவரி

ஒரு பெரிய தவறைத் திருத்த வேண்டும். முதல் நாள் இரவு நான் எழுதிய "ஐந்து மடங்கு" தவறு.

நேற்று பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 2022 ஆகஸ்ட் தாளில் இருந்தது பிஎன்பி 410. ஜனவரி தாளில் இருந்தது என்டி-ப்ரோபிஎன்பி 1,940. இரண்டும் வேறு வேறு சோதனை, வேறு வேறு லபோ. ஒரே புரதத்தின் இரண்டு துண்டுகள் என்றாலும் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. அதே ஐரோப்பிய அட்டவணையில் பிஎன்பிக்கு எல்லை 50, 800. மற்றதற்கு 300, 1,100. அப்படிப் பார்த்தால் அவள் முதல் தாளில் நடுத்தரம், இரண்டாவதில் உயர் ஆபத்து. கூடியிருக்கலாம், ஆனால் ஐந்து மடங்கு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டு வருடமாக அந்த ஐந்து மடங்கை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் மகளை லியோனிலிருந்து பாதிப் பரீட்சையில் வரச் சொன்னது இதை நம்பித்தான். தாளில் சோதனையின் பெயர் இருந்தது, நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

தம்பி, அம்மாவின் எல்லாத் தாளையும் எடுத்துச் சோதனையின் பெயர், லபோ, அலகு மூன்றையும் பார்த்து எழுதுங்கள். ஒரு மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம், ஒரு லிட்டருக்கு நானோகிராம் இரண்டும் ஒன்றே. பிக்கோமோல் என்று இருந்தால் என்டி-ப்ரோபிஎன்பிக்கு அதை 8.457-ஆல் பெருக்க வேண்டும். முடிந்தால் எப்போதும் ஒரே லபோவில் எடுங்கள்.

25 ஜனவரி

மொரீஷியஸிலிருந்து எழுதிய சகோதரி கேட்டது நல்ல கேள்வி: சிறுநீரகம் சரியில்லை என்றால்? என்டி-ப்ரோபிஎன்பி ஏறும். இந்தத் துண்டு பெருமளவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயதானாலும் ஏறும், இதயம் தாறுமாறாகத் துடித்தாலும் ஏறும். உடல் பருமன் இருந்தால் இருக்க வேண்டியதை விடக் குறைவாகக் காட்டும்.

தம்பி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்கு எவ்வளவு? சர்க்கரை உண்டா? இந்தத் தீவில் அதைக் கேட்காமல் எதையும் பேச முடியாது.

2 பிப்ரவரி

கிரியாட்டினின் 138 (லிட்டருக்கு மைக்ரோமோல்), பதினைந்து வருடமாகச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அப்படியானால் 2,300-இல் ஒரு பங்கு சிறுநீரகத்தால் வந்தது. எவ்வளவு பங்கு என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் இணையத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. டாக்டரிடம் இந்தக் கேள்வியையே கேளுங்கள்: "சிறுநீரகத்தைக் கழித்துப் பார்த்தால் இந்த எண்ணை எப்படிப் படிக்கிறீர்கள்?" நாங்கள் "நல்லதா கெட்டதா" என்று கேட்டோம். அதற்கு யாரும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெஞ்சைத் திறந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, உடம்பை 20 டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரை ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிறார்கள். அந்த நேரத்துக்குள் தமனியின் உள்தோலோடு சேர்த்து வடுவை உரித்து எடுக்க வேண்டும். அறுவை மருத்துவர் எனக்குப் படம் காட்டினார். கிளை கிளையாக, சந்தையில் விற்கும் இளம் இஞ்சி மாதிரி இருந்தது. இரண்டு நுரையீரலின் கிளைகளும் அப்படியே. இதை வைத்துக்கொண்டா இவள் மூன்று வருடம் மாடிப்படி ஏறினாள் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. அவர் முதலில் பார்ப்பது கட்டி எங்கே இருக்கிறது என்பதை. பெரிய கிளையிலா, கைக்கு எட்டாத நுனியிலா. பிறகு கதீட்டரில் அளந்த, ரத்த ஓட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பு, கண்ணுக்குத் தெரியும் அடைப்புக்குப் பொருந்துகிறதா என்பதை. அடைப்பு கொஞ்சம், எதிர்ப்பு அதிகம் என்றால் நுண்ணிய குழாய்களும் கெட்டிருக்கின்றன, பெரிய கிளையை உரித்தாலும் அழுத்தம் இறங்காது. ஆபத்து அங்கேதான். ப்ரோபிஎன்பி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டிலும் இதயம் ஒரே மாதிரி இழுபடும்.

3 பிப்ரவரி

பயணம் பற்றி: 150 கிலோமீட்டருக்கு மேல் என்றால் சேக்யூவின், அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டின், முன் அனுமதி வேண்டும். டாக்டர் எழுதிய தாளை உடனே அனுப்பிவிடுங்கள். விமானத்தில் ஆக்ஸிஜன் தேவையா என்று இப்போதே கேளுங்கள். கேபின் அழுத்தம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் நிற்பதற்குச் சமம், பதினொரு மணி நேரம். என் மச்சான் வீடு சிலாவோஸில், 1,200 மீட்டர். அங்கேயே இவளுக்கு உதடு நீலமாகிவிடும். ரோலான் காரோஸில் விமானம் ஏறும்போது சிலிண்டர் தயாராக இருந்தது, ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே தாள் போயிருந்தது.

6 மார்ச்

கரான்ஸ் புயலுக்குப் பிறகு இன்றுதான் இங்கே எழுத முடிகிறது. பிப்ரவரி 28 காலை எங்கள் பக்கம் வாழைத்தோட்டம் முழுக்கப் படுத்துவிட்டது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. எல்லோரும் நலம்.

இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. நான்கு நாள் டின்னில் அடைத்ததும் சோறும்தான். வீடு தேடி வரும் லிபெரால் நர்ஸ் திங்கட்கிழமை வந்து ரத்தம் எடுத்தார். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 4.1. இவளுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை நின்றுபோனதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். இவள் வாரம் நான்கு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறவள். இந்த ஊர்க்காரர்கள் அதை ப்ரெட் மூரும் என்கிறார்கள், நம் முருங்கைதான் அந்தப் பெயரில் இருக்கிறது. அதில் இருக்கும் வைட்டமின் கே அளவுக்கு ஏற்றபடி ரத்தம் உறையாமல் இருக்க அவள் சாப்பிடும் கூமடின் மருந்தின் அளவு அமைந்திருந்தது. கீரை நின்றதும் மருந்து மேலோங்கிவிட்டது. ஒரு வேளை மருந்தை நிறுத்தச் சொன்னார்கள், மறுபடி எடுத்ததில் 2.8.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாத மருந்து உண்டு தம்பி, இதை யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்வதில்லை. அம்மாவுக்குக் கீரையை நிறுத்தாதீர்கள். வாரா வாரம் ஒரே அளவாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஆபத்து எண் என்று இன்று நான் பயப்படுவது ப்ரோபிஎன்பிக்கு அல்ல, ஐஎன்ஆருக்கு.

13 ஏப்ரல்

நாளைக்குப் புத்தாண்டு, இவள் மாங்காய்க்கு அலைகிறாள், ஏப்ரலில் இந்தத் தீவில் மாங்காய் எங்கே கிடைக்கும்.

ப்ரோபிஎன்பி தவிர வேறு என்ன எண் பார்க்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். நான் படித்ததையும் எங்கள் டாக்டர் சொன்னதையும் எழுதுகிறேன்.

ட்ரோபோனின்: இதயத் தசை சேதமானால் ஏறும். ஆபரேஷனுக்கு முன்பு லேசாக ஏறியிருந்தால் வலது கீழறை களைத்திருக்கிறது என்று பொருள். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் ஏறும், இதயத்தில் கை வைத்தால் ஏறாமல் எப்படி இருக்கும்? அந்த நாட்களில் அந்தத் தாளை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள்.

யூரிக் அமிலம், கிரியாட்டினின், பிலிரூபின்: பழைய, மலிவான சோதனைகள். இதயம் தள்ளும் ரத்தம் போதாமல் மற்ற உறுப்புகள் தவிக்கிறதா என்று காட்டும். இவற்றை நான் மதிக்கிறேன், ஏனென்றால் எந்த லபோவிலும் கிடைக்கும். இரும்புச் சத்தையும் பாருங்கள், நுரையீரல் அழுத்தக்காரர்களுக்கு அது குறைவது சகஜம்.

ஜிடிஎஃப்-15: ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படுவது. செல்கள் அழுத்தத்தில் இருந்தால் சுரக்கும். ஆனால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சாப்பிட்டாலே இது ஏறும். தம்பியின் அம்மா மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், இங்கே பாதி வீடுகளில் அந்த மாத்திரை இருக்கிறது. நம் ஆட்களுக்கு இந்த எண்ணை எப்படிப் படிப்பது? இதைக் கேட்டதும் எங்கள் டாக்டர் சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி, அதனால்தான் நான் அதை எழுதித் தருவதில்லை" என்றார்.

14 ஏப்ரல்

விட்டுப்போன ஒன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் எடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். சில வகைக் கருவிகளில் அதிக அளவு பயோட்டின் இருந்தால் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்க மருந்துத் துறை 2017-இல் இதற்கே தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. என் மகள் அம்மாவுக்கு அன்போடு வாங்கி அனுப்பியது அந்த மாத்திரைதான்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். மாங்காய் கிடைக்கவில்லை, புளியும் வெல்லமும் போட்டுச் செய்தாள், நன்றாகவே இருந்தது.

12 ஜூன்

தம்பி அனுப்பிய செய்தி: ஜூன் 9 ஆபரேஷன் முடிந்தது, அம்மா கண் திறந்துவிட்டார், இன்று ப்ரோபிஎன்பி 4,150, தங்கை மறுபடி அழுகிறாள்.

இது ஏறும் தம்பி. இவளுக்கு மூன்றாம் நாள் 3,100 போனது. வீட்டுக்கு அனுப்பும்போதுகூட ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததை விட அதிகம், 2,200. இயந்திரத்தில் போட்ட இதயம், உள்ளே ஏற்றிய திரவம், வீங்கிய தசை, எல்லாம் சேர்ந்து அதை ஏற்றுகின்றன. அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் இரண்டு மூன்று நாள் உச்சியில் நிற்கும். இந்த வாரம் டாக்டர்கள் கவனிப்பது ஆக்ஸிஜன், சிறுநீர், உறுப்புகளுக்கு ரத்தம் போதுகிறதா என்று காட்டும் லாக்டேட், திறந்துவிட்ட தமனியில் திடீரென்று ரத்தம் பாய்ந்து நுரையீரல் நனைகிறதா என்பது. தங்கையிடம் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

இன்று உங்கள் அம்மா பெயரைச் சொல்லி இவள் கோவிலில் தேங்காய் உடைத்தாள்.

13 ஜூன்

ஏறும் என்று நேற்று எழுதியதை யாரும் "ஏறினால் கவலையே இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரத்தில் ஏறுவது சகஜம். இறங்கத் தொடங்கியபின் மறுபடி ஏறினால், கால் வீக்கமோ எடையோ கூடினால், உடனே சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் பாதியை எழுதிவிட்டேன்.

17 ஆகஸ்ட்

"எண் எவ்வளவு வந்தால் குணம்?" என்று கேட்கிறார்கள். இவளுக்கு மூன்றாம் மாதம் 480, ஒரு வருடத்தில் 160. ஆறாம் மாதக் கதீட்டரில் நுரையீரல் சராசரி அழுத்தம் 51-இலிருந்து 24 ஆனது. இன்றைய வரையறையில் 20-க்கு மேல் என்றாலே உயர் அழுத்தம்தான், அதனால் முழுக்க மறைந்தது என்று சொல்ல முடியாது. அந்த 24-ஐப் பார்த்து நான் மறுபடி பயந்தேன். டாக்டர் பிரிட்டனில் 880 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வைச் சொன்னார்: ஆபரேஷனுக்குப் பிறகு 30-ஐத் தொட்டால் மருந்து தொடங்க வேண்டிவருகிறது, 38-ஐத் தொட்டால்தான் நீண்ட கால ஆயுள் பாதிக்கிறது. 24 அதற்கெல்லாம் கீழே. மிச்சம் இருந்தாலும் 2013-இலிருந்து ரியோசிகுவாட் மாத்திரை இருக்கிறது, பலூன் வைத்து விரிப்பதும் இருக்கிறது.

எண் இறங்கியதே, கதீட்டர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இதயம் ஓய்வில் சமாளித்துக்கொண்டு இருக்கும்போது ப்ரோபிஎன்பி நல்ல பிள்ளையாகவே காட்டும், அழுத்தம் உள்ளே நிற்கும். இவள் கழுத்தில் குழாய் போட மாட்டேன் என்று ஒரு மாதம் அடம்பிடித்தாள். கையிலும் போடலாம் என்று தெரிந்ததும் சம்மதித்தாள்.

21 செப்டம்பர்

தம்பி தாளை அனுப்பியிருக்கிறார். அதே லபோ, அதே சோதனை, தேதியும் அலகும் அவரே மேலே எழுதி வைத்திருக்கிறார். ப்ரோபிஎன்பி 640. கிரியாட்டினின் 131. ஆறு நிமிடத்தில் 372 மீட்டர், ஜனவரியில் 210. கதீட்டர் அக்டோபரில். அம்மா இப்போது கேட்பது, தீபாவளிக்குச் சேன்-தாந்த்ரே வரலாமா என்பது. இங்கே கடல் மட்டம்தான், தாராளமாக வரலாம். சிலாவோஸ் மட்டும் கதீட்டர் முடிந்த பிறகு.